ஒரு வாய் முன்னாலேயே நிறுத்துங்கள்: எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பிடப் பழகுவது

எடை குறைய இரைப்பையில் செய்யும் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம். கூழ்ச் சாப்பாட்டிலிருந்து மெத்தென்ற சாப்பாட்டுக்கு மாறிய முதல் நாள் காலை. ஒரே ஒரு முட்டையைக் கொஞ்சம் பால் விட்டு, ஈரம் வற்றாமல் கிளறி, சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று தேக்கரண்டி நல்லபடியாக இறங்கியது. நாலாவதை அள்ளும்போது மூக்கில் நீர் கோத்தது. ஜலதோஷம் பிடிக்கப்போகிறது போல என்று நினைத்துக் கரண்டியை வாயில் வைத்துவிட்டேன். விழுங்கிய அடுத்த நிமிஷம் நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்தியதுபோல இருந்தது. வாயில் எச்சில் ஊறியது. முழுங்கவும் முடியவில்லை, நின்றபாடும் இல்லை. வெள்ளை நுரையாகத் திரண்டு திரண்டு வந்தது. முக்கால் மணி நேரம் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நாலாவது கரண்டி வெளியே வந்த பிறகுதான் மூச்சு சீரானது.

மூக்கில் கோத்த நீருக்கும் ஜலதோஷத்துக்கும் சம்பந்தமே இல்லை. என் புது வயிறு 'போதும்' என்று சொன்ன விதம் அது. சிலருக்கு விக்கல் வரும், சிலருக்கு ஒரு தும்மல், சிலருக்கு நெஞ்சில் லேசான இறுக்கம், சிலருக்கு அவர்களை அறியாமல் ஒரு பெருமூச்சு. உங்களுக்கு எது வருகிறது என்று முதல் சில வாரங்களிலேயே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அது வந்த பிறகு ஒரு வாய்கூட வேண்டாம். கிண்ணத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. அறுவை சிகிச்சையில் வயிறு சிறுத்துவிடுகிறது, ஆனால் கையும் கண்ணும் பழைய அளவிலேயே இருக்கின்றன. அவற்றைப் பழக்கும் வேலை நம்முடையது.

நான் தையல் வேலை செய்பவள். அறுவை சிகிச்சை நடந்து நாலரை வருஷம் ஆகிறது. அன்று 118 கிலோ இருந்தேன். ஒன்றரை வருஷத்தில் 73க்கு வந்தேன், இப்போது 77. நான் மருத்துவர் இல்லை. இங்கே சொல்வது என் அனுபவமும், என் மருத்துவரும் டயட்டீஷியனும் திரும்பத் திரும்பச் சொல்லி என் மண்டையில் ஏற்றியதும். உங்கள் மருத்துவர் கொடுத்த அட்டவணை நான் சொல்வதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது

இது தெரியாமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் மூன்றாவது மாதத்திலேயே கை நழுவிவிடும். ஸ்லீவ் என்ற அறுவை சிகிச்சை முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, குழாய் மாதிரி ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் சில மாதங்கள் பசியே இல்லாததுபோல இருக்கும். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பை ஒன்றை உண்டாக்கி, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தொடாமலே போகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் உடம்பில் சேர்வது முக்கியமாக அந்த முதல் பகுதியில். பைபாஸ்காரர்களுக்கு மாத்திரை ஏன் ஆயுளுக்கும் என்பது இதில் புரிந்துவிடும். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் மாத்திரை உண்டு, அளவுதான் மாறும்.

உங்களுக்கு நடந்தது எந்த முறை என்று ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், முதலில் அதைக் காட்டுங்கள்.

முதல் எட்டு வாரம்

வழக்கமான வரிசை இதுதான்: முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம். பிறகு இரண்டாவது வாரக் கடைசி வரை பால், புரோட்டீன் பானம், வடிகட்டிய சூப். மூன்றாவது, நாலாவது வாரம் கட்டியில்லாமல் மசித்த கூழ். ஐந்து, ஆறாவது வாரங்களில் கரண்டியால் அழுத்தினால் நசுங்குகிற மெத்தென்ற சாப்பாடு. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எட்டாவது வாரம் வாக்கில் சாதாரணச் சாப்பாட்டுக்கு வருவோம்.

'எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே' என்று ஒரு வாரம் முன்னால் தாவுகிறவர்கள் நிறையப் பேர். தயவு செய்து வேண்டாம். உள்ளே தையல் போட்ட இடம் ஆறிக்கொண்டிருக்கிறது. என் தொழிலில், பிரிந்த தையலை மறுபடி போட்டுவிடலாம். வயிற்றுக்குள் பிரிந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கூழ் வாரங்களில் அலுப்பு தாங்காது. எனக்கு உதவியது சூடும் உப்பும். இனிப்பான புரோட்டீன் பானத்தை ஆறாவது நாளே பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. ருசியில்லாத புரோட்டீன் பவுடரை வாங்கிச் சூப்பில் கலந்து குடித்தேன். கொதிக்கிற சூப்பில் போட்டால் திரிந்து கட்டி தட்டிவிடும். முதலில் கொஞ்சம் ஆறிய தண்ணீரில் கரைத்து, சூப் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஊற்றுங்கள்.

ருசியும் மாறும். அதுவரை பிடித்த வாசனை குமட்டும், பிடிக்காதது பிடிக்கும். மொத்தமாக எதையும் வாங்கி அடுக்காதீர்கள்.

தண்ணீர்தான் கடினம்

எல்லாரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள். நான் தடுமாறியது தண்ணீரில். ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். ஆனால் மடமடவென்று குடிக்க முடியாது, சாப்பாட்டோடும் குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். கணக்குப் போட்டால் விழித்திருக்கும் நேரமெல்லாம் கையில் பாட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. மெஷினில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு நேரமே தெரியாது. முதல் மாதம் இரண்டு தடவை தலைசுற்றி விழப்போனேன், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனது.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி: ஒரு தையல் ஓடி முடிந்து நூலைக் கத்தரிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு மிடறு. கத்தரியைக் கீழே வைத்ததும் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும்படி பழக்கிவிட்டேன். உங்கள் வேலையிலும் அடிக்கடி திரும்ப வரும் அசைவு ஒன்று இருக்கும். போனை வைப்பது, ஒரு பக்கம் புரட்டுவது, ஒரு மெயில் அனுப்புவது, எதுவானாலும் சரி. அதோடு மிடறைக் கட்டிவிடுங்கள். கடிகாரத்தில் அலாரம் வைப்பதைவிட இது நிற்கிறது.

சாப்பாட்டோடு தண்ணீர் ஏன் கூடாது என்றால், சிறிய பையில் தண்ணீர் இடத்தை அடைத்துக்கொண்டால் புரோட்டீனுக்கு இடம் இருக்காது. மென்ற சாப்பாட்டைச் சீக்கிரம் கீழே தள்ளியும் விடும் என்பார்கள். அப்போது வயிறு நிறைந்த உணர்வு நிற்காமல் மறுபடி சாப்பிடத் தோன்றும். கேஸ் அடைத்த பானங்களை விட்டுவிடுங்கள், வயிறு உப்பி வலிக்கும். குளிர்ந்த தண்ணீர் சிலருக்குப் பிடித்துக்கொள்ளும், அவர்களுக்கு வெதுவெதுப்பாக இருந்தால் இதமாக இறங்கும்.

தட்டில் எது முதலில்

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரோட்டீன். எனக்குச் சொல்லப்பட்ட இலக்கு அதுதான், பெரும்பாலானவர்களுக்கும் அதுதான். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், ஏறக்குறைய 7. வேகவைத்த கோழிக்கறி 30 கிராமில் 8, 9 இருக்கும். தயிரை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரை வடித்துவிட்டால், அதே அளவு தயிரில் இருப்பதைவிட இரண்டு மடங்கு கிடைக்கும். வேகவைத்த பருப்பு, பயறு வகைகளும் நல்லவைதான், ஆனால் அவற்றை மட்டும் நம்பி 60 கிராமை எட்டப் பெரிய தட்டு வேண்டியிருக்கும், அந்த இடம் நம்மிடம் இல்லை. சைவமாக இருப்பவர்கள் புரோட்டீன் பவுடரைக் கொஞ்ச காலத்துக்குக் கூடவே வைத்துக்கொள்வது நல்லது.

அதனால் தட்டில் முதல் வாய் எப்போதும் புரோட்டீன், அடுத்தது காய், இடம் இருந்தால் மட்டும் அரிசியோ ரொட்டியோ. முதல் மூன்று மாதம் எனக்கு மூன்றாவதுக்குப் போக வேண்டிய அவசியமே வரவில்லை. ரொட்டியும் சோறும் சிலருக்கு உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். காய்ந்துபோன கறித்துண்டு, திரும்பச் சூடு பண்ணிய கோழிக்கறி ஆகியவையும் அப்படித்தான். என்னை இன்றுவரை பயமுறுத்துவது திரும்பச் சூடு பண்ணிய கோழி. கொஞ்சம் சாறு இருந்தால் இறங்கும், வறண்டிருந்தால் நிற்கும்.

வேகத்தைப் பற்றி ஒரு விஷயம். ஒரு வேளைச் சாப்பாடு 20 முதல் 30 நிமிஷம். வாயில் வைப்பது சுண்டுவிரல் நகம் அளவு. இருபது, இருபத்தைந்து தடவை மென்று, வாயில் கூழாகிவிட்டதா என்று நாக்கால் பார்த்துவிட்டு முழுங்குங்கள். அதற்குப் பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். கையிலேயே பிடித்திருந்தால் அடுத்த வாய் தானாக ஏறிவிடும். நான் குழந்தைகள் பயன்படுத்தும் சின்னக் கரண்டியும், டீ சாஸர் அளவு தட்டும் வைத்துக்கொண்டேன். இன்றும் அதே தட்டுதான்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதைப் பசியோடு தொடங்கி வயிறு நிரம்பும் வரை என்று கணக்கிடாதீர்கள். நிரம்பிவிட்டது என்று தெரிகிறபோது நாம் ஒரு வாய் தாண்டிவிட்டிருப்போம். இரண்டு மாதத்தில் எனக்கு அளவு கால் கப். ஆறு மாதத்தில் அரை கப். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு கப் வரை போனது. இது வயிறு 'விரிந்துபோன' தோல்வி இல்லை. வீக்கம் வடிந்து, பை இளகி, ஒரு அளவில் வந்து நிற்பது இயற்கை. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எட்டாவது மாதம் ஒரு வாரம் அழுதிருக்கிறேன்.

நொறுக்குத் தீனி விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். சிப்ஸ், பிஸ்கட், ஐஸ்கிரீம் ஆகியவை பையில் தங்குவதே இல்லை, வழுக்கிக்கொண்டு போய்விடும். அரை கப் கறி சாப்பிட முடியாதவரால் ஒரு பாக்கெட் சிப்ஸைச் சாவகாசமாகத் தின்றுவிட முடியும். இரண்டாவது வருஷத்தில் எடை திரும்ப ஏறுபவர்கள் பலரும் பெரிய சாப்பாட்டால் ஏறுவதில்லை, நாள் முழுக்கக் கொறிப்பதால் ஏறுகிறார்கள். என்னுடைய அந்த நாலு கிலோவும் அப்படி வந்ததுதான். ராத்திரி வேலையின்போது மெஷின் மேல் பிஸ்கட் டப்பா வைத்திருந்தேன். டப்பாவைச் சமையலறையின் மேல்தட்டுக்கு மாற்றியதும் ஏறுவது நின்றது.

டம்பிங்

ஏழாவது மாதம் ஒரு விழாவில் சின்னத் துண்டு கேக் சாப்பிட்டேன். பதினைந்து நிமிஷத்தில் இதயம் ஓடிவந்ததுபோல அடித்தது, சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்தது, வயிறு முறுக்கியது, கண்ணைத் திறக்க முடியாத அசதி. ஒரு மூலையில் போய்ப் படுத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் வந்த வழியே போய்விட்டது. சர்க்கரை அப்படியே சிறுகுடலில் கொட்டும்போது உடம்பு தண்ணீரை அங்கே இழுக்கிறது, அதனால் வருவது இது. இதைத்தான் டம்பிங் என்கிறார்கள். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் வரலாம். வந்தால் உடனே உட்கார்ந்துகொள்ளுங்கள், முடிந்தால் படுங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

இன்னொரு வகை ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும். அதில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும். அந்த நேரத்தில் கொஞ்சம் சர்க்கரை தேவை, பின்னாலேயே கொஞ்சம் புரோட்டீனும். ஆனால் இது அடிக்கடி வந்தால் வீட்டு வைத்தியத்தில் சமாளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இனிப்பைத் தனியாகச் சாப்பிடாமல் இருப்பதும், புரோட்டீன் இல்லாத வேளை ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொள்வதும் எனக்கு முக்கால்வாசி தீர்த்துவைத்தது.

பைபாஸுக்குப் பிறகு சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. வயிறு உப்பிப் பேதியானால் லாக்டோஸ் இல்லாத பாலுக்கு மாறிப் பாருங்கள்.

மாத்திரை டப்பா

இதை நான் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் இது.

இரண்டாவது வருஷம் உடம்பு நன்றாக இருந்தது. எடை இறங்கியது, மூட்டு வலி போனது, ரத்த அழுத்த மாத்திரையையும் மருத்துவர் நிறுத்திவிட்டார். அந்த நல்ல நாட்களில் விட்டமின் மாத்திரைகளும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. நானாக முடிவெடுத்து நிறுத்தவில்லை, தீர்ந்தபோது வாங்கவில்லை, அவ்வளவுதான். சில மாதங்கள் கழித்து ஒருநாள் ஊசியில் நூல் கோக்கும்போது நூல் விரலுக்குள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பார்த்தால் இருக்கிறது, தொட்டால் தெரியவில்லை. மறுநாள் ஊசி விரலில் ஏறி ரத்தம் துணியில் பட்ட பிறகுதான் குத்தியதே தெரிந்தது. விரல் நுனி எல்லாம் மரத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் பி12 கிடுகிடுவென்று இறங்கியிருந்தது. ஊசி போட்டு, மாத்திரை தொடங்கி, விரல் பழைய நிலைக்கு வர ஐந்து மாதம் ஆனது. எனக்குத் திரும்ப வந்தது. நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட சிலருக்கு நரம்புச் சேதம் திரும்பாமலே போய்விடுவதும் உண்டு.

மருத்துவர்கள் வழக்கமாக எழுதுவது இவை: முழுமையான மல்ட்டிவிட்டமின் ஒன்று. பி12 தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையாகவோ, மாதம் ஒரு தடவை 1000 மைக்ரோகிராம் ஊசியாகவோ. கால்சியம் உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம். விட்டமின் டி 3000 யூனிட் அளவில் தொடங்கி, ரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். இரும்புச்சத்து, மாதவிடாய் வரும் பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60 மில்லிகிராம்.

கால்சியத்தில் சிட்ரேட் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் உடம்பில் சேர வயிற்று அமிலம் வேண்டும், நமக்கு அது குறைந்துவிட்டது. ஒரே தடவையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் வீண், அதனால் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போட வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று தடுத்துவிடும். நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். டீ, காபியோடும் இரும்பு மாத்திரை கூடாது. நான் காலை கடை திறந்ததும் மல்ட்டிவிட்டமின், பதினொரு மணிக்குக் கால்சியம், நாலு மணிக்குக் கால்சியம், படுக்கப் போகும் முன் இரும்பு என்று வைத்திருக்கிறேன். ஏழு நாளுக்கு ஏழு அறை உள்ள டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவிடுவேன். ஒரு பாட்டில் பாதியாகும்போதே அடுத்ததை வாங்கிவிடுவது என் வழக்கம்.

ரத்தப் பரிசோதனை முதல் வருஷம் 3, 6, 12வது மாதங்களில், பிறகு வருஷத்துக்கு ஒன்று. உடம்பு நன்றாக இருந்தாலும் போங்கள்.

வேறு மருந்துகள், மது, கர்ப்பம்

தலைவலி, மூட்டு வலிக்கு நாம் சகஜமாகப் போடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை பைபாஸ் செய்தவர்களுக்கு ஆகாது, இணைத்த இடத்தில் புண் உண்டாக்கும். பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. புகைப்பதும் அதே புண்ணைக் கொண்டுவரும். நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளின் தேவை அறுவை சிகிச்சை முடிந்த நாட்களிலேயே குறையத் தொடங்கலாம். பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரையும் அழுத்தமும் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும், அதனால் அவற்றை அடிக்கடி அளந்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பற்றியும் கேளுங்கள், அவை நமக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

மது சட்டென்று ஏறும், வெகுநேரம் இறங்காது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் பிரச்சினையே இல்லாதவர்கள்கூடப் பின்னால் குடிக்கு அடிமையாவது நடக்கிறது. உணவில் கிடைத்துவந்த ஆறுதலை மனம் வேறெங்கோ தேடுகிறது. உங்களிடம் அந்தச் சாயல் தெரிந்தால் வெட்கப்படாமல் மனநல ஆலோசகரிடம் போங்கள்.

கர்ப்பத்துக்கு 12 முதல் 18 மாதமாவது பொறுத்திருக்கச் சொல்வார்கள். எடை இறங்கும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு சட்டென்று கூடிவிடும், கருத்தடை மாத்திரையை மட்டும் நம்புவது பைபாஸுக்குப் பிறகு பாதுகாப்பில்லை. முன்கூட்டியே பேசி வேறு வழியை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்

முதல் வாரங்களில் காய்ச்சல், ஓய்வாக இருக்கும்போதே நாடித் துடிப்பு 120க்கு மேல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள் வலி: உள்ளே கசிவு இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டி இருக்கலாம். உடனே மருத்துவமனை. தண்ணீர்கூடத் தங்காத வாந்தி ஒரு நாளைத் தாண்டினால் பேசுங்கள். வாந்தி நாட்கணக்கில் நீண்டால் உடம்பில் பி1 விட்டமின் தீர்ந்துவிடும், அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறி. அவசரப் பிரிவில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 கொடுக்க வேண்டும் என்பதை உங்களோடு வருபவருக்குச் சொல்லிவையுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு வருஷங்கள் கழித்தும் திடீரென்று முறுக்கும் கடுமையான வயிற்று வலி வந்தால் குடல் சிக்கியிருக்கலாம், அதையும் தள்ளிப்போடக் கூடாது. வேகமாக இளைப்பதால் பித்தப்பைக் கல்லும் வரும், சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்தால் சொல்லுங்கள்.

தலைமுடியும், நின்றுபோன தராசும்

மூன்றாவது மாதத்திலிருந்து முடி கொத்துக் கொத்தாக வரும். சீப்பைப் பார்த்து மனம் உடையும். அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியாலும், எடை வேகமாக இறங்குவதாலும் வருவது அது. வேர் சாகவில்லை, பெரும்பாலும் சில மாதங்களில் நின்று திரும்ப முளைக்கும். புரோட்டீனும் இரும்பும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருப்பது.

மூன்றாவது வாரம் வாக்கில் தராசு ஒரே இடத்தில் நின்றுவிடும். கிட்டத்தட்ட எல்லாருக்கும். எனக்குப் பன்னிரண்டு நாள் ஒரு கிராம்கூட இறங்கவில்லை, ஆபரேஷன் பலிக்கவில்லை என்றே முடிவுகட்டிவிட்டேன். அந்த நாட்களில் என் இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். இடுப்பில் இரண்டரை இஞ்ச் குறைந்திருந்தது. அன்றிலிருந்து தராசு வாரத்துக்கு ஒரு நாள், டேப் மாதத்துக்கு ஒரு நாள். அளக்கும்போது எப்போதும் ஒரே இடம்: தொப்புளுக்கு நேராக, மூச்சை இழுக்காமல், டேப் தோலில் பதியாமல்.

நடப்பது முதல் நாளிலிருந்தே. கனம் தூக்குவதை மட்டும் ஆறு வாரம் வரை தள்ளிப்போடுங்கள். அதற்குப் பிறகு தசைக்கு வேலை கொடுங்கள், இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது

என் அக்காவுக்கு நான் சாப்பிடும் அளவைப் பார்க்கப் பொறுக்காது. "என்னடி, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடேன், எனக்காக" என்பாள். அந்த 'எனக்காக'வுக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு ரொம்பச் சிரமமாக இருந்தது. பாசத்தில் சொல்பவளிடம் கோபப்பட முடியுமா? ஒருநாள் நுரை கக்கிக்கொண்டு நின்றபோது அவளையே முதுகைத் தடவிவிடச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தடவினாள். அதற்குப் பிறகு, "அக்கா, எடுத்து வை, ரெண்டு மணி நேரம் கழிச்சு சாப்பிடறேன்" என்றால் மூடி வைத்துவிடுகிறாள். நீங்களும் 'வேண்டாம்' என்று சொல்வதைவிட 'அப்புறம்' என்று சொல்லிப் பாருங்கள், பரிமாறுபவர் மனம் நோகாது.

பசியில் இரண்டு வகை உண்டு. வயிற்றுப் பசி மெல்ல ஏறும், எதைக் கொடுத்தாலும் அடங்கும். மனப் பசி சட்டென்று வரும், குறிப்பாக ஒன்றைத்தான் கேட்கும். எனக்கு அது ராத்திரி ஒன்பதரைக்கு, கடைசித் துணியை மடித்து வைத்த பிறகு வரும். பல வருஷம் அந்த நேரத்தில்தான் நான் எனக்கென்று உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இப்போது அந்த நேரத்தில் சூடாக ஒரு கப் பானத்தோடு மாடிக்குப் போய்விடுகிறேன். சில நாள் அதுவும் போதவில்லை. அப்போது அக்காவுக்குப் போன் போடுவேன்.

துணிமணி

இதில் மட்டும் நான் தைரியமாகச் சொல்லலாம். முதல் ஒரு வருஷம் புதுத் துணிக்குச் செலவு செய்யாதீர்கள், இரண்டு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். இருப்பதிலேயே நாலைந்து நல்ல துணியைப் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். தைக்கக் கொடுக்கும்போது உள்ளே மிஞ்சும் துணியை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அடுத்த தடவை பிரித்துப் பிடிக்கும்போது ஓரம் நேராக வரும். எலாஸ்டிக் இடுப்பு வேண்டாம், எடை கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது. வயிறு, கை, தொடைகளில் தோல் தொங்கும். மடிப்புகளில் ஈரம் தங்கிப் புண்ணாகும். குளித்ததும் துடைத்துக் காயவிட்டு, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள். தோலை அகற்றும் அறுவை சிகிச்சை வேண்டுமென்றால், எடை ஒரே இடத்தில் சில மாதங்கள் நின்ற பிறகுதான், பெரும்பாலும் ஒன்றரை வருஷத்துக்கு அப்புறம்.

நான் என் பழைய நீலச் சட்டையை முதல் வருஷத்தில் நாலு தடவை பிரித்துப் பிடித்தேன். பதினெட்டாவது மாதம், எடை மூன்று மாதம் அசையாமல் நின்ற பிறகு, என் அளவை எனக்கே எடுத்து நோட்டில் புதுப் பக்கத்தில் எழுதினேன்.